இனத்தால் ஆபத்தானது

1957இல் இலண்டன் நீதிமன்றமொன்றில் ஒரு யானையைப் பற்றிய வழக்கு தீர்ப்பாயிற்று. சேர்க்கஸ் கொம்பனி ஒன்றின் யானைகள் அரங்குக்குப் போய்வரும் வழியில் இருந்த ஒரு சாவடியில், உருவத்தால் மிகச் சிறியவர்களான ஒரு கணவனும் மனைவியும் தம்மைக் காட்சிப்பொருளாக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முகாமையாளர் விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த ஒரு சின்ன நாய், கடந்துபோன யானையைப் பார்த்துக் குரைத்தது. புல்லு என்ற அந்தப் பர்மிய யானை மிரண்டு நாயைத் துரத்தியது. சாவடி சரிந்தது. மனைவி காயமடைந்தார்.

விசாரித்த நீதிபதி பற்றிக் டெவ்லின். புல்லு நன்கு பழக்கப்பட்ட சாதுவான பிராணி என்பதையும், ஒரு பசுவைவிட அது ஆபத்தானதல்ல என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டார். அந்த நிலைமையில் ஒரு பசுவும் அப்படித்தான் நடந்திருக்கும். ஆயினும் நட்டஈடு கொடுக்க வேண்டியது சேர்க்கஸ்காரரே என்றார். யானை என்ற இனம் சட்டத்தின் கண்ணில் ஆபத்தானது. இந்த யானை எப்படிப்பட்டது என்று சட்டம் கேட்பதில்லை. பர்மாவில் யானை மனிதரோடு வேலை செய்து வாழும் பிராணி என்ற வாதமும் எடுபடவில்லை. பின்னர் 1971இல் பிரித்தானியா இயற்றிய விலங்குகள் சட்டம் இதையே விதியாக எழுதிக்கொண்டது: பிரித்தானியத் தீவுகளில் வழக்கமாக வீட்டில் வளர்க்கப்படாததும், வளர்ந்த நிலையில் கட்டுப்பாடின்றி விட்டால் கடும் தீங்கு செய்யக்கூடியதுமான இனம் எதுவோ அது ஆபத்தான இனம். எங்கேயோ பிறந்த பிராணியை இங்குள்ள பழக்கத்தை அளவுகோலாக வைத்து அளக்கிறார்கள். ஒட்டகத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1940இல் ஒரு மிருகக்காட்சிச்சாலை ஒட்டகம் ஆளைக் கடித்தபோது நீதிமன்றம் அதை வீட்டு விலங்கு என்றது. 1980இல், புதிய சட்டத்தின் கீழ், இன்னொரு நீதிமன்றம் ஒட்டகத்தை ஆபத்தான இனம் என்றது. இடைப்பட்ட நாற்பது வருடத்தில் ஒட்டகத்துக்கு எந்த மாற்றமும் நிகழவில்லை.

இந்தத் தீர்ப்புகளைத் தமிழில் எழுத உட்காரும்போது ஒரு சொல் எம்மை இடறுகிறது. விலங்குக்கும் 'இனம்', எமக்கும் 'இனம்'. இனத்தால் ஆபத்தானது, ஆளைப் பார்க்கத் தேவையில்லை என்ற வசனத்தை நாம் முதன்முதலில் கேட்டது சட்டப் புத்தகத்தில் அல்ல. அடையாள அட்டையை வாங்கி, அதில் தமிழ் எழுத்து இருக்கிறதா, பிறந்த இடம் எது என்று பார்த்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே 'அந்தப் பக்கம் நில்' என்ற கைகளை எம்மில் அனேகர் கண்டிருக்கிறோம். அங்கிருந்து தப்பி வந்த பிறகும், இன்ன நாட்டிலிருந்து வருபவர் இன்ன வகை, இன்ன பகுதி பாதுகாப்பானது, ஆகவே இந்த விண்ணப்பம் இப்படி என்ற பட்டியல்களுக்குள் எமது கதைகள் விழுந்து நசிந்ததையும் கண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட நாம், மேற்கு நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இயற்றிவரும் ஆபத்தான விலங்குச் சட்டங்களை எப்படிப் பார்ப்பது? அவையும் பட்டியல்கள்தான். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, முதலை, நஞ்சுப் பாம்பு. பட்டியலில் பெயர் இருந்தால் முடிந்தது. இந்தப் புலி நல்ல புலியா என்று எந்த அதிகாரியும் கேட்கப்போவதில்லை.

(புலி என்று எழுதினால் எம்மவர் வேறொன்றை வாசிப்பார்கள் என்பது தெரியும். இக்கட்டுரை முழுவதும் நாலு காலும் வாலும் உள்ள புலியையே குறிக்கிறது. எமது தீவின் காடுகளில் இன்று காணக்கிடைக்காத அந்தப் பிராணி, அமெரிக்காவில் வீட்டுக் கொல்லைகளில் இருந்தது என்பதுதான் விஷயம்.)

விலங்குகளை வைத்திருப்போர் சொல்லும் நியாயத்தை எள்ளி நகையாடிவிட்டுப் போவது இலகு. ஆனால் அந்த நியாயம் எமக்கு நன்கு பரிச்சயமானது: 'என்னுடையதை இனத்தை வைத்துத் தீர்க்காதே, வந்து பார், பழகிப் பார், பிறகு சொல்.' நாம் எத்தனை அலுவலகங்களில் இதே வசனத்தைச் சொல்லியிருக்கிறோம்!

அவர்களுடைய மிகச்சிறந்த சாட்சி கிறிஸ்ரியன் என்ற சிங்கம். 1969இல் இலண்டன் ஹரொட்ஸ் கடையில் ஒரு சிங்கக்குட்டியைக் காசு கொடுத்து வாங்கலாம். இரண்டு அவுஸ்திரேலிய இளைஞர்கள் அதை 250 கினிக்கு வாங்கி, செல்சியில் ஒரு தளபாடக் கடையின் கீழ்த்தளத்தில் வளர்த்தார்கள். பக்கத்துத் தேவாலய மைதானத்தில் ஓடவிட்டார்கள். வளர்ந்தபின் இனி இயலாது என்று கண்டு, 1970இல் கென்யாவில் ஜோர்ஜ் அடம்சனிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த வருடம் அவர்கள் பார்க்கப் போனபோது சிங்கம் ஓடிவந்து இரண்டு கால்களில் எழுந்து அவர்களைக் கட்டிக்கொண்டது. அந்தப் படத்துண்டு 2008இல் உலகமெங்கும் பரவிக் கோடிக்கணக்கானோரைக் கண்கலங்க வைத்தது. எங்கள் வீடுகளிலும் அது ஓடியிருக்கும். பார்த்தவர்களுக்குச் சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்றே தோன்றியிருக்கும்.

ஆனால் அதே முகாமில் இன்னொரு சிங்கம் இருந்தது. அதன் பெயர் போய். பிரித்தானிய இராணுவப் படைப்பிரிவு ஒன்றின் செல்லமாக வளர்ந்து, 'போர்ன் ஃபிறீ' திரைப்படத்தில் நடித்து, மனிதருக்கு மிகவும் பழகிய சிங்கம். கிறிஸ்ரியனைக் காட்டு வாழ்வுக்குப் பழக்க அடம்சன் நம்பியிருந்ததும் அதையே. 1971இல், கட்டியணைக்கும் அந்தப் படம் எடுக்கப்பட்ட அதே வருடத்தில், போய் அடம்சனின் உதவியாளர் ஒருவரைக் கடித்துக் கொன்றது. உள்ளூர் ஆபிரிக்கர், முகாமின் வேலையாள். அடம்சன் தன் கையாலேயே அந்தச் சிங்கத்தைச் சுட்டார்.

கட்டியணைப்பை உலகம் பார்த்தது. வேலையாளின் சாவை அடம்சனின் வரலாறு படிப்போர் மட்டும் அறிவார்கள். இதைக் கிறிஸ்ரியனின் கணக்கில் நாம் எழுதவில்லை. அது யாரையும் கொன்றதாகத் தெரியவில்லை. சொல்ல வருவது இன்னொன்று. அன்பு யாருக்குக் கிடைத்தது, ஆபத்து யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால் இரண்டும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்வதில்லை. சிங்கத்தை நேசித்தவர் தன் உயிரைப் பணயம் வைக்கிறேன் என்று சொல்வது உண்மையாக இருக்கலாம். அடம்சன் சிங்கங்களோடு வாழ்வதற்குத் தன்னைக் கொடுத்துவிட்ட மனிதர்தான். ஆனால் கூலிக்கு வந்தவன் எதைப் பணயம் வைக்கச் சம்மதித்தான்? அவனிடம் யார் கேட்டது?

பிரித்தானியா 1976இல் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. உள்ளூராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும், மிருக வைத்தியர் வந்து பார்க்க வேண்டும், காப்புறுதி இருக்க வேண்டும். மெத்தச் சரி. அனுமதிக் கட்டணமும் கூட்டுச் செலவும் கட்டாத சிலர் இரவோடிரவாகத் தம் பூனைகளை மலைப்புறங்களில் விட்டுவிட்டார்கள் என்ற பேச்சு அன்றிலிருந்து ஓயவில்லை. 1980இல் ஸ்கொட்லாந்து மலைநாட்டில் ஒரு விவசாயியின் பொறியில் பூமா ஒன்று அகப்பட்டது. அது காட்டுக் குணமே இல்லாமல், தடவிக் கொடுத்தால் சுகம் காணும் சாதுவாக இருந்ததாம். பெலிசிற்றி என்று பெயர் வைத்து வனவிலங்குப் பூங்காவில் வைத்திருந்தார்கள். செத்தபின் பாடம் செய்து இன்வர்னஸ் அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். 1995இல் அரசாங்கமே கோர்ன்வோலின் பொட்மின் புல்வெளியில் பெரும்பூனை இருக்கிறதா என்று ஆராய்ந்து, உறுதியான சான்று இல்லை என்றது. மக்கள் இன்னும் கண்டுகொண்டேயிருக்கிறார்கள்.

ஒஹாயோவில் நடந்தது வேறு மாதிரி.

2011 ஒக்ரோபர் 18, பின்னேரம். சேன்ஸ்வில் நகருக்கு அருகே ஒரு பண்ணைக்காரர் தன்னிடமிருந்த 56 விலங்குகளில் பெரும்பாலானவற்றின் கூடுகளைத் திறந்துவிட்டுத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். இருள இன்னும் சிறிது நேரமே இருந்தது. ஷெரிப் மற் லற்ஸின் ஆட்கள் வந்தபோது சிங்கங்களும் புலிகளும் வேலியோரமாக நடந்துகொண்டிருந்தன. நெடுஞ்சாலையின் மின்பலகைகளில் வாகனத்தை விட்டு இறங்க வேண்டாம் என்று எழுத்து ஓடியது. மறுநாள் பாடசாலைகள் மூடப்பட்டன. மயக்க ஊசி போட்டுப் பிடித்திருக்கலாமே என்று பிறகு உலகம் முழுவதும் கேட்டது. ஊசி வேலை செய்யப் பல நிமிடங்கள் எடுக்கும். ஊசி பட்ட விலங்கு அதற்குள் இருட்டில் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் பகலில் ஒரு புலிக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். அது பாய்ந்து எழுந்தது. அதையும் சுட வேண்டியதாயிற்று. முடிவில் செத்துக் கிடந்தவை: 18 புலிகள், 17 சிங்கங்கள், 8 கரடிகள், 3 மலைச்சிங்கங்கள், 2 ஓநாய்கள், ஒரு பபூன் குரங்கு. அவற்றைச் சேற்றில் வரிசையாகக் கிடத்தி எடுத்த படம் ஒன்று உண்டு. உடல்கள் வரிசையாகக் கிடத்தப்பட்ட படங்கள் எமக்குப் புதியவையல்ல என்பதால், அதைப் பார்த்து உடனே ஒரு ஒப்புமை எழுதிவிடும் ஆசை எம் பேனாக்களுக்கு வரக்கூடும். அதை அடக்கிக்கொள்வது நல்லது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

அந்த நாட்களில் உலகக் காடுகள் எல்லாவற்றிலும் எஞ்சியிருந்த புலிகள் ஏறத்தாழ 3,200 என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஒரு பின்னேரத்துக்குள் ஒரு பண்ணையில் பதினெட்டு. ஆனால் இவை காட்டுக்குரியவையும் அல்ல. கூட்டில் கலந்து பெருகி, எந்தக் காட்டுக்கும் திருப்பி அனுப்பமுடியாத பிறவிகள்.

எம்மை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு விபரம். அந்த மனிதர் சிறையிலிருந்து வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பதிவில்லாத துப்பாக்கிகளை வைத்திருந்ததற்காக மத்திய அரசு அவரைச் சிறையில் போட்டிருந்தது. பதிவில்லாத துப்பாக்கிக்குச் சிறை. பதினெட்டுப் புலியையும் பதினேழு சிங்கத்தையும் வீட்டில் வைத்திருப்பதற்கோ அந்த மாநிலத்தில் ஒரு பதிவும் தேவைப்படவில்லை. அயலவர்கள் வருடக்கணக்காக முறைப்பாடு செய்துவந்திருந்தார்கள். அதே வருடம் சனவரியில் பதவி விலகிச் செல்லும் ஆளுநர் தனியார் இப்படி விலங்கு வாங்குவதைத் தடுத்து ஓர் ஆணை பிறப்பித்தார். அடுத்து வந்த ஆளுநரின் காலத்தில், ஏப்ரலில், அந்த ஆணை காலாவதியாகிப் போனது. ஒக்ரோபரில் இது நடந்தது. 2012 யூனில் சட்டம் கையெழுத்தானது. எட்டு மாதமும் நாற்பத்தொன்பது பிணமும் தேவைப்பட்டிருக்கிறது. இடையில் இன்னொரு கூத்தும் நடந்தது. உயிர் தப்பிய ஆறில் ஒரு சிறுத்தை மிருகக்காட்சிச்சாலையில் செத்துப்போக, மீதி ஐந்தையும் 2012 மே மாதத்தில் இறந்தவரின் மனைவியிடமே திருப்பிக் கொடுத்தார்கள். சட்டம் இன்னும் வரவில்லையே! அவை அவருடைய சொத்து.

புதிய சட்டம் விலங்குகளைப் பதிவுசெய்யச் சொன்னது, தோலுக்கடியில் அடையாளச் சில்லு பொருத்தச் சொன்னது, காப்புறுதி எடுக்கச் சொன்னது, புதிதாக வாங்குவதைத் தடைசெய்தது. உரிமையாளர் சிலர் நீதிமன்றம் போனார்கள். தமது விலங்கின் உடலில் சில்லு வைப்பது தமது சொத்தை அரசு எடுத்துக்கொள்வதற்குச் சமம் என்பது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் அதைத் தள்ளுபடி செய்தது. புலியின் தோல் புலிக்குச் சொந்தமா, வைத்திருப்பவருக்குச் சொந்தமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சொத்து என்ற இந்தக் கதையில் ரொறன்ரோ வாசகர்களுக்கு ஒரு பழைய நினைவு வரும். 2012 டிசெம்பரில் நகரின் வடபுறத்திலுள்ள ஐக்கியா கடையின் வாகனத் தரிப்பிடத்தில், கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு சின்ன யப்பானியக் குரங்கு தவித்துக்கொண்டு நின்றது. வாகனத்திலிருந்த கூட்டைத் திறந்து தானே வெளியேறியிருந்தது. அதைச் சரணாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். வளர்த்த பெண், குரங்கு என் பிள்ளை போன்றது, திருப்பித் தாருங்கள் என்று வழக்குப் போட்டார். 2013 செப்ரெம்பரில் வந்த தீர்ப்பு விசித்திரமான ஒரு பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. காட்டு விலங்கின் மேல் ஒருவருக்குள்ள உரிமை, அது அவர் கைக்குள் இருக்கும் வரைதான். தப்பிப் போனால் உரிமையும் போயிற்று. நாய் காணாமல் போனாலும் உமது நாய். குரங்கு போனால் போனதுதான். ஊர் முழுவதும் கோட்டுப் போட்ட குரங்கின் படத்தைப் பார்த்துச் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அந்தத் தீர்ப்புக்குள் ஒரு உண்மை கிடக்கிறது. இந்த விலங்குகள் ஒருபோதும் அவர்களுடையவை அல்ல. வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

இனி ஜேர்மனிக்கு வருவோம். ஆபத்து என்ற சொல்லின் பொருளை எமக்கு அதிகம் விளங்க வைத்தது அங்கு நடந்த ஒரு பாம்புச் சம்பவம். 2019 ஓகஸ்ற் கடைசியில் ஹேர்னே நகரில் ஒரு மாடிக் குடியிருப்பிலிருந்து நாகபாம்பு ஒன்று தப்பியது. ஒன்றோடொன்று ஒட்டிய நான்கு வீடுகளிலிருந்தும் முப்பது பேரளவில் வெளியேற்றினார்கள். நாட்கணக்காகத் தேடி, கடைசியில் வீட்டுக்கு வெளியே புல்லுக்குள் கண்டு பிடித்தார்கள். சுமார் ஒன்றரை மீற்றர் நீளம். அது வளர்க்கப்பட்ட அந்த வீட்டில் இன்னும் பல நஞ்சுப் பாம்புகள் இருந்தன. அந்த மாநிலத்தில் அதுவரை இதற்குத் தனியான தடைச் சட்டம் இல்லை. 2021 சனவரியிலிருந்து நோர்ட்றைன்-வெஸ்ற்பாலனில் நஞ்சு விலங்குகளைத் தனியார் புதிதாக வாங்கி வளர்ப்பது தடை. ஏற்கனவே வைத்திருந்தவர்கள் அறிவித்து, காப்புறுதியும் காட்ட வேண்டும்.

எம்மவர் ஆயிரக்கணக்கில் வாழும் மாநிலம் அது. ஊரில் என்றால் ஒரு தடியோடு முடிந்திருக்கும், இங்கே தீயணைப்புப் படை, நிபுணர், பத்திரிகைக்காரர் என்று ஒரு திருவிழா என எம்மில் சிலர் பகிடி பண்ணினார்கள். பகிடி நல்லதுதான். ஆனால் இரண்டும் ஒரே பாம்பல்ல.

ஊரில் நாகபாம்பு வந்தால் அது யாருடைய பாம்பும் அல்ல. வேலிக்குள்ளாலே வரும், விறகுக் குவியலுக்குள் படுத்திருக்கும். இரவில் அதன் பெயரைச் சொல்லப் பயந்தவர்கள் எமது பாட்டிமார். நாகதம்பிரானே போய்விடு என்று கும்பிட்டு, வழிவிட்டு நிற்பார்கள். புளியம்பொக்கணைக்கு நேர்த்தி வைப்பார்கள். சிலர் அடிப்பார்கள், சிலர் அடிக்க விடமாட்டார்கள். கடித்து இறந்தவர்கள் உண்டு. அந்த வீட்டில் செத்தவீடு நடக்கும், அழுவார்கள், விதி என்பார்கள். ஆனால் அயலவன் மேல் கோபம் வராது. அந்த ஆபத்தை எவனும் எடுத்துவந்து எம்மேல் வைக்கவில்லை. அது மழை போல, மின்னல் போல அந்த மண்ணோடு இருந்தது. நாம்தான் அதன் வளவுக்குள் வீடு கட்டினோம் என்றும் சொல்லலாம்.

ஹேர்னே பாம்புக்கு ஒரு உரிமையாளர் இருந்தார். யாரோ பெட்டியில் அடைத்து விற்று, யாரோ வாங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் வைத்திருந்த பாம்பு அது. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த முப்பது பேருக்கும் தாம் ஒரு நாகபாம்பின் பக்கத்தில் உறங்குவது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மாடிக் குடியிருப்பில் சுவர் எவ்வளவு மெல்லியது என்று எமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் தாளிப்பு வாசனைக்கு முறைப்பாடு எழுதியவர்கள் அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தவர்கள்தானே.

2013 ஓகஸ்ற்றில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்திலுள்ள காம்பல்ரனில் இதைவிட மோசமான ஒன்று நடந்தது. விலங்குக் கடைக்கு மேலிருந்த வீட்டில், நண்பனோடு இரவு தங்க வந்த சகோதரர் இருவர், நான்கு வயதும் ஆறு வயதும், ஆபிரிக்க மலைப்பாம்பு ஒன்றால் தூக்கத்திலேயே கொல்லப்பட்டார்கள். பாம்பு காற்றுக் குழாய் வழியாக வந்திருந்தது. பாம்பை வைத்திருந்தவர் மேல் குற்றவியல் கவனயீன வழக்குப் போட்டார்கள். 2016 நவம்பரில் யூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். அந்த மாகாணத்தில் அவ்வினப் பாம்பை விசேட அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாது என்ற விதி முன்பே இருந்தது. பொறுப்பான திணைக்களமோ அந்தப் பாம்பு அங்கிருப்பது தமக்குத் தெரியாது என்றது. தீர்ப்பைப் பற்றி நாம் விவாதிக்கப் போவதில்லை. அந்த மனிதரும் பிள்ளைகள் சாக வேண்டுமென்று நினைத்தவரல்ல. ஆனால் இத்தகைய விஷயத்தில் நடந்தபின் வரும் நீதி எவ்வளவு கையறுந்தது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. யாரும் கெட்டவரில்லை, யாரும் குற்றவாளியில்லை, இரண்டு பிள்ளைகள் இல்லை.

ஆகவே நாம் தொடங்கிய இடத்துக்கு வருகிறோம். இனத்தை வைத்துத் தீர்ப்பது நியாயமா?

சோதனைச் சாவடியில் எமக்கு இழைக்கப்பட்ட அநியாயம் என்ன? எம்மைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மனிதனிடம் கேட்கலாம். அவன் பதில் சொல்வான், பொய் சொன்னால் பிடிபடுவான், வாக்குக் கொடுத்தால் அதற்கு அவனைப் பொறுப்பாக்கலாம். வாயுள்ளவனிடம் வாயே இல்லாதது போல நடந்துகொண்டார்கள், அதுதான் அவமானம். புலியிடம் அப்படிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. இருபது வருடம் சாதுவாக இருந்த புலியும் இருபத்தோராவது வருடத்துக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அது பொய் சொல்லவுமில்லை, மெய் சொல்லவுமில்லை. 2009இல் அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்தில், விளம்பரப் படங்களில் நடித்து, வீட்டாரோடு வளர்ந்த ஒரு சிம்பன்சி, வீட்டுக்கு வந்த ஒரு தோழியின் முகத்தையும் கைகளையும் சிதைத்துவிட்டது. முதல் வருடமே அம்மாநில உயிரியலாளர் ஒருவர் இந்த விலங்கு ஆபத்தானது என்று தன் மேலதிகாரிகளுக்கு எழுதி எச்சரித்திருந்தார். அவர் அந்தச் சிம்பன்சியின் குணத்தை ஆராய்ந்து எழுதவில்லை. வளர்ந்த சிம்பன்சி எத்தகைய பலமுள்ளது என்று இனத்தை வைத்தே எழுதினார். அதில் எந்த அநியாயமும் இல்லை. அந்தக் கடிதத்தைக் கிடப்பில் போட்டதுதான் அநியாயம்.

பட்டியல் விலங்கின் மேல் தீர்ப்பும் எழுதுவதில்லை. அது உரிமையாளரின் வாக்கைத்தான் ஏற்க மறுக்கிறது. 'என் புலிக்கு நான் பொறுப்பு' என்பவர், தன்னால் கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்கிறார். அவர் நல்லவராக இருக்கலாம். நாளைக்கு அவருக்கு நோய் வரலாம், கடன் வரலாம், சிறைக்குப் போகலாம், ஒரு பின்னேரம் வாழ்க்கை வெறுத்துப் போகலாம். கூட்டுக்குள் இருப்பதற்கு அப்போதும் பசிக்கும்.

இங்கேதான் ஒப்புமையைப் பற்றி முன்னே சொன்னதற்கு வருகிறோம். இந்த விலங்குகளை அகதிகள் என்று எழுதும் கவிதைகள் வரக்கூடும், எங்கள் பத்திரிகைகளிலேயே வரக்கூடும். நாம் அப்படி எழுதமாட்டோம். எமக்குப் போக ஒரு ஊர் இருந்தது, அது மறுக்கப்பட்டது. அந்தப் பதினெட்டுப் புலிகளுக்கும் எந்த ஊரும் இல்லை. கூட்டில் பிறந்து, பெரும்பாலும் குட்டியாக இருக்கையில் காசு கொடுத்தவர் மடியில் படம் எடுக்கப்பட்டு, மூன்று நான்கு மாதத்தில் மடிக்கு அடங்காமல் போனதும் கைமாறும் வியாபாரப் பண்டங்கள் இவை. அந்த நிலைக்கு எமது துயரத்தின் பெயரைக் கொடுத்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். அவற்றுக்குச் செய்யப்பட்டதற்குத் தனிப் பெயர் வேண்டும், அதை நாம் இன்னும் அறியவில்லை.

எமது தீவிலும் இதற்கொரு கிளை உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் வெள்ளைக்காரனின் பைத்தியம் என்று தட்டிக்கழித்ததாகிவிடும். அங்கே யானை வைத்திருப்பது அந்தஸ்து. காட்டிலிருந்து குட்டிகளைத் திருடி, பொய்ப் பத்திரம் எழுதிப் பதிந்து வைத்திருந்ததாகச் செல்வாக்குள்ளவர்கள் மேல் வழக்குகள் நடந்தன, அரசு சில யானைகளைக் கைப்பற்றியது. 2021இல் ஒரு வர்த்தமானி வந்தது. யானையைத் தினமும் இரண்டரை மணித்தியாலம் குளிக்க வார்க்க வேண்டும், வேலை நேரத்தில் பாகன் குடித்திருக்கக் கூடாது என்றெல்லாம் கரிசனையான விதிகள். அதைத் தொடர்ந்து கைப்பற்றிய யானைகளில் பல, அவற்றை வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களிடமே திரும்பிப் போயின. எமது பிறப்புப் பத்திரத்தை நம்ப மறுத்த ஒரு அரசு, யானையின் பிறப்புப் பத்திரத்தில் அத்தனை தாராளம் காட்டியது.

அமெரிக்கா முழுவதற்குமான பெரும்பூனைப் பாதுகாப்புச் சட்டம் 2022 டிசெம்பர் 20இல் கையெழுத்தானது. 2020இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் புலி வியாபாரிகளை வீட்டுக்கு வீடு கேளிக்கையாக்கிய பிறகுதான் அது சாத்தியமானது என்பதும் உண்மை. இனித் தனியார் புதிதாகப் புலி, சிங்கம், சிறுத்தை போன்றவற்றை வாங்க முடியாது, குட்டிகளை மடியில் வைத்துப் படம் எடுக்கும் வியாபாரமும் முடிந்தது. ஏற்கனவே வைத்திருந்தவர்கள் 2023 யூன் 18க்குள் பதிவுசெய்து, இனப்பெருக்கம் செய்யாமல், விற்காமல், அவை சாகும்வரை வைத்திருக்கலாம். கூட்டில் புலி இருபது வருடம் வரை உயிர்வாழும். அப்படியானால் 2022இல் பிறந்த குட்டி ஒன்று 2040ஆம் ஆண்டிலும் ஏதோ ஒரு கொல்லையில், கிழடாகி, பல் விழுந்து, நாளொன்றுக்குச் சில கிலோ இறைச்சிக்காகக் காத்துக்கொண்டிருக்கக்கூடும். அதை வாங்கியவருக்கும் அப்போது வயது போயிருக்கும். பக்கத்து வீடு இரண்டொரு முறை கைமாறியிருக்கும். புதிதாகக் குடிவருபவர்களில், எங்கிருந்தோ புறப்பட்டு வந்து முதன்முதலில் சொந்தமாக ஒரு வீடு வாங்கியவர்களும் இருக்கலாம்.